முந்தின நாள் மல்லிகை

என் மகளுக்குப் பிரசவமாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. நேற்று மாலை மருமகன் வாழையிலையில் சுற்றிய மல்லிகைச் சரம் ஒன்றோடு அறைக்குள் வந்தார். பால் சரியாக இறங்கவில்லையே என்று எனக்குப் பயம். குழந்தை சிணுங்கும்போதெல்லாம், “பத்தலையாடி, பத்தலையா?” என்று நான் கேட்டுக் கேட்டு மகளின் முகமே சுண்டிப்போயிருந்தது. அந்த நேரத்தில் பூவாசம் வந்தது. அவர் கையிலிருந்து பொட்டலத்தைப் பிடுங்கிக் கொண்டுபோய்த் தெருவில் எறிந்துவிட்டுத் திரும்பி வந்தேன். “பால் குடுக்கிறவ இருக்கிற இடத்துல மல்லிகையா? யாரு வாங்கிட்டு வரச் சொன்னது?” என்று நான் போட்ட சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டது.

“யாரும் சொல்லலைங்க. நானாத்தான் வாங்கினேன். தப்பு என்னுதுதான்” என்றார் மருமகன்.

அவர் போன பிறகு மகள் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: “நான்தாம்மா கேட்டேன். பூ வச்சுக்கணும்போல இருந்துச்சு. அவரை எதுக்குத் திட்டினே?”

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு எதிலும் மனம் நிற்கவில்லை. உலையில் அரிசி போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைக்க மறக்கிறேன். என் அப்பாவும் ஒரு நாள் மல்லிகை வாங்கினார். என் நினைவில் அவர் பூ வாங்கியது அந்த ஒரு நாள்தான். நானும் கூடப் போயிருந்தேன். எனக்கு அப்போது ஆறு வயது.

சாந்தோமில், மாதா கோயிலுக்குப் பின்னால் கடற்கரையைப் பார்த்துப் போகும் சந்து ஒன்றில் எங்கள் வீடு. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். வீட்டில் அப்பா, அம்மா, நான், பிறந்து ஒன்றரை மாதமான தம்பி. எங்கள் எல்லோருக்கும் மேலே அத்தை. அத்தை அப்பாவின் மூத்த அக்கா. கல்யாணமான சில வருடங்களிலேயே கணவரை இழந்து திரும்பி வந்து, தாயில்லாத அப்பாவைச் சோறூட்டி, படிக்கவைத்து, வேலையில் அமர்த்தி, பெண் பார்த்துக் கட்டிவைத்தவள். அதனால் பள்ளிக்கூடத்தில் பிரம்பெடுக்கும் அப்பா, வீட்டில் அத்தை குரலைக் கேட்டால் எழுந்து நிற்பார். அத்தைக்கு மூக்குப்பொடிப் பழக்கம் இருந்தது. மூக்கும் நாக்கும் மரத்துப்போய், குழம்பு தீய்ந்தால்கூட நாங்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

ஜப்பான்காரன் கப்பலில் வந்து குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியாகிக்கொண்டிருந்த வெயில்காலம் அது. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். தெரு விளக்குகளுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். எங்கள் சந்தில் பாதி வீடுகள் பூட்டிக்கிடந்தன. மீதி வீடுகளின் வாசலில் மாட்டுவண்டி நின்றது. பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு வண்டியிலும் ரயிலிலும் அலைய முடியாது என்று நாங்கள் மட்டும் தங்கிவிட்டோம்.

அம்மாவுக்குத் தம்பி ஒருவர் இருந்தார். ரங்கூனில் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ரங்கூன் விழுந்துவிட்டது என்ற செய்தி வந்த நாளிலிருந்து அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. காட்டு வழியாக நடந்தே வருகிறார்களாம், வழியில் காய்ச்சலில் விழுகிறார்களாம் என்று யாராவது வாசலில் நின்று பேசுவார்கள். அப்பா பத்திரிகையைப் படித்ததும் அம்மா கண்ணில் படாமல் மடித்து மேலே பரணில் போட்டுவிடுவார். ஆனால் வாசலில் பேசுகிறவர்களின் வாயை மடித்து வைக்க முடியவில்லை. அம்மா தட்டில் சோற்றை அளைந்துவிட்டு எழுந்துவிடுவாள். தாகம் என்று கேட்டாலும், பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று அத்தை அரைத் தம்ளருக்கு மேல் தரமாட்டாள். எந்நேரமும் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்த அம்மாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் வற்றியது.

என் தம்பி பசியில் அழுதான். முதலில் பெரிய குரலில் அழுதான். பிறகு பூனைக்குட்டிபோல அழுதான். அத்தை சங்கில் பசும்பால் ஊற்றிப் புகட்டினாள், அவன் கக்கினான். எனக்கும் அவனுக்கும் நடுவில் பிறந்த ஒரு தங்கை மூன்று மாதத்தில் போயிருந்தாள். அது எல்லோருக்கும் நினைவிருந்தது. யாரும் சொல்லவில்லை, அத்தையைத் தவிர.

“இவ கைராசி அப்படி. மொதல்ல அந்தப் பொண்ணு. இப்ப இவன். மாருல பால் நிக்காத பொம்பளைகிட்ட பிள்ளை எப்படி நிக்கும்?”

இதை அத்தை சமையலறையிலிருந்துதான் சொல்வாள். ஆனால் எங்கள் வீட்டில் சமையலறைக்கும் அம்மா படுத்திருந்த அறைக்கும் நடுவில் ஒரு துணித் திரைதான் இருந்தது. அத்தை கெட்டவள் இல்லை. அவளுக்குப் பயம். பயந்துவிட்டால் யார் மேலாவது பழி போட்டால்தான் அவளால் அடுத்த வேலையைப் பார்க்க முடியும். இப்போது எனக்கு அது நன்றாகவே புரிகிறது.

கடைசியில் அத்தை ஒரு முடிவுக்கு வந்தாள். திண்டிவனம் பக்கத்தில் அவளுடைய சித்தி மகளுக்கும் அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. அவளுக்கு இரண்டு பிள்ளைக்குப் போதுமான பால் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அத்தை தம்பியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறுவாள். அம்மா இங்கேயே இருப்பாள்.

“அவளையும் கூட்டிட்டுப் போயேன் அக்கா” என்றார் அப்பா. அவர் அவ்வளவு பேசியதே பெரிது.

“பால் வத்தினவ காலை எடுத்து அந்த வீட்டுல வச்சா, அவளுக்கும் வத்திடும்டா. அவ கண்ணு படக் கூடாது. பிள்ளை உசுரோட வேணுமா, பொண்டாட்டி மனசு நோகாம இருக்கணுமா, சொல்லு.”

திரைக்கு அந்தப் பக்கம் அம்மா தம்பியை எடுத்து வெறும் மார்பில் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. வளையல் சத்தத்தில் அது தெரியும். பிறகு தம்பியின் அழுகை.

மறுநாள், அது வெள்ளிக்கிழமை, அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு கச்சேரி ரோடு வழியாக மயிலாப்பூருக்கு நடந்தார். எதற்கு என்று சொல்லவில்லை. தெப்பக்குளத்தை ஒட்டி மாட வீதியில் பூக்காரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமையாக இருந்தும் கூட்டமில்லை. அப்பா ஒரு கூடைக்கு முன்னால் போய் நின்றார். எனக்கு ஒரே ஆச்சரியம். எங்கள் வீட்டில் பூ வாங்குவது அம்மாவின் வேலை. தம்பி பிறந்த பிறகு அதுவும் இல்லை. பால் கொடுக்கும் வீட்டுக்குள் மல்லிகை வரக் கூடாது என்பது அத்தையின் சட்டம். தங்கை போன அன்று அத்தைதான் மல்லிகைச் சரத்தைச் சுருட்டி அம்மாவின் மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள். பால் வற்றுவதற்கு. மூன்றே நாளில் வற்றியது. அதனால் எங்கள் வீட்டில் யாருக்கும் அதில் சந்தேகமே கிடையாது.

“இன்னா வாத்தியாரே, எத்தினி மொழம் குடுக்க?” என்றாள் பூக்காரி.

“இது வேணாம்மா. நேத்துப் பூ இருக்கா?”

“இன்னாது?”

“நேத்துக் கட்டின பூ. வாடினது.”

பூக்காரி அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். “நேத்துப் பூவ ஆடுதான் துன்னும். நீ வச்சுக்கினு இன்னா பண்ணுவ?”

“வேணும்.”

“யாருக்கு? பொஞ்சாதிக்கா?”

அப்பா தலையை ஆட்டினார். அவ்வளவுதான், பக்கத்துக் கூடைக்காரியையும் கூப்பிட்டுக்கொண்டாள் அவள். “அக்கா, இத்த கேட்டியா? வாத்தியாரு பொஞ்சாதிக்கு வாடுன பூ வாங்கினு போறாராம்! ஏ பாப்பா, உங்க ஊட்டுல வெளக்குமாறு கீதா? இன்னிக்கு உங்க நைனாவுக்கு அதாலதான் பூசை!”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. அப்பா இவ்வளவு கஞ்சனா என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் மூடியதால் சம்பளம் வரவில்லையோ என்றும் நினைத்தேன்.

“எடுத்துனு போ, துட்டு வேணாம். ஊரே ஓடிப் போய்க்கினு கீது, பூவ யாரு வாங்கறா? மொழம் மொழமா இப்டித்தான் கெடக்குது” என்று கூடையின் அடியிலிருந்து ஒரு சுருளை எடுத்துப் போட்டாள். பழுப்பேறி, ஓரம் கருகி, நார் மட்டும் பச்சையாக இருந்தது. அப்பா அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். இரண்டு சரத்தைப் பிரித்து, “இதுல வாசம் இருக்கு” என்று திருப்பிக் கொடுத்தார். பூக்காரிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. “வாசம் இருந்தா வேணாமா! மாரியாத்தா, இந்த மாதிரி ஒரு ஆம்பளைய நான் கண்டதில்ல!”

சிரித்து முடித்தபின் இரக்கம் வந்து, புதுச் சரத்தில் ஒரு துண்டு கிள்ளி என் தலையில் வைக்க வந்தாள். நான் தலையைக் குனிந்து காட்டினேன். அப்பா அவள் கையைத் தடுத்தார். “புதுசு வேண்டாம்மா. வீட்டுக்குள்ள வரக் கூடாது.”

வழி நெடுக நான் அழுதுகொண்டே வந்தேன். அப்பா எனக்குப் பொரிகடலை வாங்கித் தந்தார். சந்து முனையில் நின்று பூச்சுருளை வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு, “அத்தைகிட்ட சொல்லாதே” என்றார். வாடின பூ வாங்கியதைச் சொன்னால் அவருக்கு வெட்கம் என்று நினைத்து, சரி என்றேன்.

அத்தை சாயங்காலச் செபமாலைக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள். அப்பா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். நான் திரை ஓரத்தில் நின்று பார்த்தேன். அம்மா பாயில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தம்பி அவள் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். அப்பா மண்டியிட்டு உட்கார்ந்து, பூவை அம்மாவின் தலையணைக்கு அடியில் தள்ளிவைத்தார். அப்புறம் வெளியே வந்து, பத்திரிகையை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இல்லை, தலைகீழாக இருந்ததா என்று எனக்கு நிச்சயமில்லை. வெகுநேரம் பக்கம் திருப்பாமல் இருந்தார் என்பது நிச்சயம்.

சனிக்கிழமை காலையில் அத்தை டிரங்குப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு தம்பியின் துணிகளை அடுக்கினாள். மிச்சத் துணி அம்மாவின் தலைமாட்டில் இருந்தது. அதை எடுக்கப் போனவள் தலையணையை நகர்த்தினாள்.

“டேய்! இங்க வாடா!”

அப்பா போனார். அத்தையின் கையில் பூச்சுருள் தொங்கியது.

“இது என்னடா?”

“பூ அக்கா.”

“பூன்னு தெரியுது. யாரு வச்சது?”

“நான்தான்.”

“எப்பருந்து?”

“ஒரு பத்து நாளா. நீ கோயிலுக்குப் போற நேரத்துல வாங்கியாந்து வைப்பேன். அவ ரங்கூன் தம்பிய நெனச்சு அழுதுக்கிட்டே இருக்கா. அவளுக்குப் பூன்னா உசுரு. தூங்கும்போது வாசமாவது வரட்டுமேன்னு... அவளுக்குத் தெரியாது அக்கா.”

அத்தை அம்மா பக்கம் திரும்பினாள். “உனக்குக்கூடவா வாசம் தெரியலை?”

அம்மா இல்லை என்று தலையசைத்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக ஓடியது.

அதன் பிறகு அத்தை பேசியது பூட்டிக்கிடந்த வீடுகளுக்கும் கேட்டிருக்கும். “போன தடவை என் கையாலதானே கட்டினேன்? நீ நின்னு பாத்துக்கிட்டுதானே இருந்தே? பாலை வத்தவைக்கிற பூவைக் கொண்டாந்து பச்சை உடம்புக்காரி தலைமாட்டுல வச்சிருக்கியே, நீ படிச்சவனாடா? ஊரு பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லித் தர்ற மூஞ்சியா இது? சேசு மரி சூசையே, இந்த மூடனையா சோறு போட்டு வளர்த்தேன்!” கையிலிருந்த பூவாலேயே அப்பாவின் தோளில் அடித்தாள். பழுப்பு இதழ்கள் அவர் சட்டையில் ஒட்டிக்கொண்டன. அப்பா தட்டிவிடவில்லை. அக்காவை எதிர்த்துப் பேசும் தைரியம் அவருக்கு எந்நாளும் வந்ததில்லை. திட்டு வாங்கும் தைரியம் நிறைய இருந்தது.

திட்டி முடித்ததும் அத்தை அம்மாவின் அருகில் உட்கார்ந்தாள். அவிழ்ந்திருந்த அம்மாவின் கூந்தலை விரலால் கோதினாள். அதற்கு முன் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. “உன் மேல குத்தமே இல்லம்மா. உன்னைப் போய் என்னென்னவோ பேசிட்டேன். ரயிலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பூவால போனது, பூ போனா வந்துடும். நான் வரவைக்கிறேன்.”

டிரங்குப் பெட்டி பழையபடி பரணுக்குப் போனது.

அன்றிலிருந்து அத்தை வேறு ஆளாகிவிட்டாள். குப்பத்திலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மாளிடம் சொல்லிவைத்துப் பால் சுறா வாங்கிப் புட்டு கிளறினாள். பூண்டை உரித்து உரித்து அவள் நகக்கண் எரிந்தது. கஞ்சித் தண்ணீரைச் செம்பு செம்பாக அம்மாவின் கையில் கொடுத்து, குடித்து முடிக்கும் வரை நகரமாட்டாள். “வாயில வை, வந்தாலும் வராட்டியும் வை. சப்பச் சப்பத்தான் ஊறும்” என்று மணிக்கொரு தரம் தம்பியை அம்மாவின் மடியில் போட்டாள். வாசலில் நின்று ரங்கூன் கதை பேசியவர்களைத் துடைப்பத்தைக் காட்டி விரட்டினாள். அப்பாவுக்கு மட்டும் அறைக்குள் வர அனுமதியில்லை. அவர் கிணற்றடியில் உட்கார்ந்து தம்பியின் துணியெல்லாம் துவைத்தார். எதிர்வீட்டுக்காரர், “என்ன வாத்தியாரே, பள்ளிக்கூடம் மூடினா இந்த வேலையா?” என்று கேட்டார். “பாவம் செஞ்சவன் துவைக்கட்டும்” என்று அத்தை உள்ளேயிருந்து பதில் சொன்னாள். மத்தியானப் புழுக்கத்தில் அவர் ஜன்னலுக்கு வெளியே வெயிலில் நின்று, கம்பி வழியாகக் கையை விட்டு விசிறுவார். உள்ளே விசிறியும் கையும் மட்டும் தெரியும்.

ஒரு நாள் மத்தியானம் அம்மா, “அண்ணி!” என்று கூப்பிட்ட குரலில் அத்தை கரண்டியோடு ஓடினாள். அம்மாவின் ரவிக்கை நனைந்திருந்தது. அத்தை அங்கேயே முழங்காலில் விழுந்தாள். ஜன்னலில் விசிறி நின்றுவிட்டது. கை மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

தம்பி தேறினான். தவழ்ந்தான். அத்தையின் மூக்குப்பொடி டப்பாவைத் தட்டிவிட்டுத் தும்மினான். மழைக்காலம் முடிகிற சமயத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வரும்போது அவனைத் துணியில் சுற்றி அப்பா கையில் ஏந்தி வந்தார்.

காய்ச்சலுக்கும் மல்லிகைக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் அத்தைக்கு மறுபடியும் பயம். வந்திருந்தவர்கள் நடுவில் சொன்னாள்: “அன்னிக்கே வேர் அறுந்துபோச்சு. இவன் வாங்கியாந்த பூ. பெத்த அப்பனே வச்ச பூ.” எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அப்பா அவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார், வேண்டாம் என்று. அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் அம்மாவுக்குப் பால் கட்டி வலி தாங்கவில்லை. மல்லிகை வாங்கிவரச் சொல்லி அத்தை அப்பாவை அனுப்பினாள். மாட வீதி முழுக்கக் கேட்டுவிட்டு அவர் வெறுங்கையோடு வந்தார். அந்த மாதத்தில் மல்லிகை பூப்பதில்லை.

ரங்கூன் மாமா வரவேயில்லை. அத்தை இறக்கும்வரை அந்தப் பூவைச் சொல்லிக்காட்டிக்கொண்டிருந்தாள். அவள் சொல்லச் சொல்ல, நான் கண்ணால் பார்த்தது போய் அவள் சொன்னதே எனக்கு நினைவாகிவிட்டது. அப்பா ஆசையில் பூ வாங்கினார், அதனால் பால் போயிற்று, அதனால் தம்பி போனான். என் கல்யாணத்தன்று கனகாம்பரம் போதும் என்று பிடிவாதமாகச் சொன்னேன். அப்பா ஏன் என்று கேட்கவில்லை. அவரும் போய்விட்டார், அம்மாவும் போய்விட்டாள்.

பால் வற்றிய பிறகுதான் பூ வந்தது. ஆறு வயதில் அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. வாடின பூவாகத் தேடியதும், வாசம் இருந்ததைத் திருப்பிக் கொடுத்ததும், என் தலைக்குக்கூடப் புதுப்பூ வேண்டாம் என்றதும், முந்தின நாள் வாங்கியதைப் பத்து நாளாக வைத்தேன் என்று அத்தையிடம் சொன்னதும் ஒன்றாகச் சேர்ந்து என்ன சொல்கின்றன என்றுதான் அப்போது தெரியவில்லை. நேற்று என் மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசியபோது, அந்தத் திரை ஓரத்தில் நான் மறுபடியும் போய் நின்றேன். அப்பா மண்டியிட்டு, தலையணையின் ஓரத்தை எப்படித் தூக்குவது என்று தெரியாமல் கையில் பூவோடு தயங்குகிறார். அம்மா தூங்குகிறாள் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அவள் கண்ணைத் திறக்கவில்லைதான். ஆனால், அவர் கை உள்ளே போவதற்காகத் தலையைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தாள்.